பந்திக்குப் பிறகு வந்த தாய்மாமன்

கடலூர், திருப்பாதிரிப்புலியூர்
5.3.2012

அடேய் குள்ளா,

உன் அக்கா மங்கலம் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்க எழுதவில்லை. போன் போட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நாலு "ம்" கொட்டிவிட்டு, சிக்னல் இல்லை என்று வைத்துவிடுகிறாய். அதனால் எழுதி, அந்தோணிசாமி கையில் கொடுத்து அனுப்புகிறேன். அவர்தான் டெம்போவில் லோடு ஏற்றிக்கொண்டு வாராவாரம் சிதம்பரத்துக்கு வருகிறாரே. நீ படித்து முடிக்கிற வரைக்கும் உன் கம்ப்யூட்டர் கடை வாசலை விட்டு வண்டியை எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

நீ கொடுத்தனுப்பிய பென் டிரைவைப் போட்டேன். பழையதை எடுத்துவிட்டு இதை வை, இது இன்னும் நன்றாக இருக்கும் என்று சொன்னாயாம். யாரடா கேட்டார்கள் உன்னை? மண்டபத்து வாசல் டிவியில் என் பிள்ளை செல்வம் செய்து கொடுத்த ஸ்லைடு புரோகிராம் போன வருஷம் முழுக்க ஓடியது. புயலில் கூரைத் தகடு பறந்தது, அது பறக்கவில்லை. பிள்ளை போன பிறகும் ஒரு முகூர்த்தம்கூட நிற்காமல் ஓடியது. அதில் என்ன குறை கண்டாய் நீ?

நான் படித்தது ஐந்தாவது. மண்டபத்தில் பாத்திரம் எடுத்துக் கொடுத்து, எண்ணி வாங்கி வைக்கிற வேலை எனக்கு. என்னையே கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்து, கீபோர்டில் சாவிக்குச் சாவி பிளாஸ்திரியில் தமிழ் எழுத்து எழுதி ஒட்டிக் கொடுத்தான். ஒரே பைல். மேலேயிருந்து கீழே எழுதிக்கொண்டே போக வேண்டியது. பெரிய எழுத்து வேண்டுமென்றால் வரி ஆரம்பத்தில் வேலிப் படல் மாதிரி ஒரு குறி. மூன்று கோடு போட்டால் அடுத்த ஸ்லைடு. ஓர் இலையை எடுத்துவிட்டு அடுத்த இலை போடுகிற மாதிரிதான்மா என்றான். எழுதின வரிசைக்கு டிவியில் ஓடும். அது எனக்குப் புரிந்தது.

நீ அனுப்பினதில் ஸ்லைடுக்கு ஒரு பைலாம், பைலுக்கு ஒரு பேராம். சரி என்று உட்கார்ந்து பேர் வைத்தேன். வரவேற்பு, மணமக்கள், மாமன், அத்தை, சித்தப்பா, நண்பர்கள், பந்தி. நேற்று ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தம். பெண் வீட்டார் திட்டக்குடிப் பக்கம். பெண்ணின் தாய்மாமன் பதினோரு தட்டு வரிசையோடு வந்து, தன் படம் எப்போது வரும் என்று ஜனத்தோடு டிவிக்கு முன்னால் நிற்கிறார். முதலில் அத்தை வருகிறாள். அடுத்து சித்தப்பா. அப்புறம் மாப்பிள்ளையோடு வேலை பார்க்கிற பசங்கள். அதற்கப்புறம் இலை போட்ட படத்தோடு "சாப்பிட வாங்க". பாதி ஜனம் எழுந்து கீழே பந்திக்குப் போய்விட்டது. அதற்கும் பிறகு பொண்ணு மாப்பிள்ளை, அதற்கும் பிறகு மாமன். கடைசியாக வரவேற்பு, "நல்வரவு" என்று.

அவர் கத்தவில்லை. "என்னை இன்னா எச்சில் இலை எடுக்கவா கூப்டீங்க?" என்றார். தட்டுகளைத் திரும்ப வண்டியில் ஏற்றினார். பெண்ணைப் பெற்றவள் பட்டுப்புடவையோடு பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடி, அண்ணன் காலைப் பிடித்துக் கூட்டி வந்தாள். முதலாளி என்னைக் கூப்பிட்டு, "மங்கலம், அந்தக் கம்ப்யூட்டரை மூட்டை கட்டு. ஸ்டுடியோக்காரனை வெச்சிக்கிறேன்" என்றார். கொஞ்சம் அவகாசம் கேட்டிருக்கிறேன்.

உன்னுடையதைப் போட்டதில் பழையது அழிந்துவிட்டது. நீ நேரில் வந்து செல்வம் வைத்திருந்தபடி வைத்துக் கொடுத்துவிட்டுப் போ.

மங்கலம்


அண்ணாமலை நகர்
8.3.2012

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி பழனிவேல் எழுதுவது. உன் கடிதம் கிடைத்தது. அந்தோணிசாமி வாசலில் நின்றுகொண்டே இருந்தார். கடைக்கு வந்த மாணவர்கள் அவரைக் கடன்காரர் என்று நினைத்திருப்பார்கள்.

நடந்ததற்கு வருந்துகிறேன். ஆனால் அது நிரலின் பிழை அல்ல. மார்க்டவுன் என்பது வெறும் எழுத்தும் சில குறிகளும்தான். அதை பிரவுசரில் ஸ்லைடாக மாற்றுகிற வேலையை மட்டுமே நம் நிரல் செய்கிறது. இங்கே என் கடைக்கு வருகிற ஆராய்ச்சி மாணவர்கள், போன செமினாரில் காட்டிய ஒரு ஸ்லைடை அடுத்த செமினாரிலும் காட்டக் கேட்கிறார்கள். ஒரே நீளமான பைலில் அதைத் தேடி வெட்டி ஒட்டுவது சிரமம். தனித்தனி பைலாக இருந்தால் எடுத்து வைத்துவிடலாம். அதனால்தான் புதிதாக எழுதினேன்.

தனி பைல்கள் என்றால் கம்ப்யூட்டர் அவற்றை அகரவரிசையில் அடுக்கும். அதற்கு மாமன் யார், அத்தை யார் என்று தெரியாது. அ முதலில், வ கடைசியில், அவ்வளவுதான். இதை நான் முன்பே சொல்லியிருக்க வேண்டும். ஒவ்வொரு பேருக்கும் முன்னால் ஓர் எண் போட்டுவிடு. எண் வரிசையில் ஓடும். யாருக்கும் மனவருத்தம் வராது.

பழைய நிரலின் பிரதி என் கடை மெஷினில் இருக்கிறது. இப்போதைக்கு அது வேண்டாம். புதியதே போதும்.

வைவா நேரம் என்பதால் கடையை விட்டு நகர முடியவில்லை. பகலில் பாதி நேரம் கரண்டும் இல்லை. மாமாவையும் பிரியாவையும் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
பழனிவேல்


கடலூர்
2.4.2012

அடேய் குள்ளா,

எண் போட்டேன். சந்தோஷமா?

நேற்று முகூர்த்தத்துக்கு மொத்தம் பன்னிரண்டு ஸ்லைடு. ஒன்று நல்வரவு, இரண்டு மணமக்கள், மூன்று தாய்மாமன் என்று பார்த்துப் பார்த்துப் போட்டேன். பத்து நண்பர்கள், பதினொன்று பந்தி, பன்னிரண்டு "நன்றி, போய் வாருங்கள்". காலையில் டிவியைப் போட்டால் ஒன்று வருகிறது. ஒன்றுக்கு அடுத்து பத்து வருகிறது. பத்து, பதினொன்று, பன்னிரண்டு முடிந்து அப்புறம் இரண்டு. நல்வரவு என்று கூப்பிட்டு, யாரோ நாலு பசங்கள் முகத்தைக் காட்டி, சாப்பிடச் சொல்லி, போய் வாருங்கள் என்று கும்பிடு போடுகிறது உன் கம்ப்யூட்டர். கல்யாணமே இன்னும் ஆகவில்லை. வாசலில் சந்தனக் கும்பா வைத்துக்கொண்டு நின்ற கிழவர், "பரவால்ல, வேலை சீக்கிரம் முடிஞ்சிபோச்சி" என்றார். நான் ஒயரைப் பிடுங்கிவிட்டேன். கரண்ட் போய்விட்டது என்று பொய் சொன்னேன். இந்த வருஷம் அந்தப் பொய்யை எல்லோரும் நம்புகிறார்கள்.

ஒன்று, இரண்டு எண்ணத் தெரியாத மெஷினை வைத்துக்கொண்டா நீ ஆராய்ச்சி மாணவர்களுக்குக் கடை நடத்துகிறாய்?

இருக்கட்டும். பிரியாவுக்கு முடிவாகிவிட்டது. பண்ருட்டி மாப்பிள்ளை, தை மாதம் நிச்சயம் செய்வதாக இருந்தது உனக்கும் தெரியும். நம் வீட்டில் நடந்ததற்கப்புறம் அவர்கள் பின்வாங்குவார்கள் என்று நினைத்தேன். அவர்களே வந்து, வருஷம் திரும்புவதற்குள் முடித்துவிடலாம் என்று சொல்லிவிட்டார்கள். ஆவணியில், இதே மண்டபத்தில்.

அதனால் கேட்கிறேன். நீ வருவாயா, இல்லை தாய்மாமன் கட்ட வேண்டிய பட்டத்தையும் மாலையையும் ஆள் மூலமாக அனுப்புவாயா? செல்வத்தின் கருமாதிக்கு எனக்குப் பிறந்த வீட்டுக் கோடியை அந்தோணிசாமி கையில் கொடுத்தனுப்பினாய். பாவம், அந்த மனுஷர் பிளாஸ்டிக் பையில் புடவையை வைத்துக்கொண்டு பந்தலுக்கு வெளியே நின்றார். யார் கொடுப்பது, யார் போர்த்துவது என்று தெரியவில்லை. கடைசியில் என் நாத்தனார் வாங்கி என் மேல் போட்டாள். ஊரில் எல்லோருக்கும் கூடப் பிறந்தவன் கையால் கோடி விழும். எனக்கு டெம்போவில் வந்தது.

கூடவே இதையும் சொல்லு. செல்வத்துக்கும் உனக்கும் ஆறு வயசுதான் வித்தியாசம். மாமா மருமகன் மாதிரியா இருந்தீர்கள், ஒரே தட்டில் புரோட்டா பிய்த்துத் தின்று சேர்ந்து எழுதினதுதானே அது. அதை அனுப்ப என்ன தடை உனக்கு?

மங்கலம்


அண்ணாமலை நகர்
7.4.2012

அன்புள்ள அக்காவுக்கு,

1, 2 என்று போடாமல் 01, 02 என்று போட வேண்டும். கம்ப்யூட்டர் முதல் இலக்கத்தைத்தான் முதலில் பார்க்கும், பத்தும் 1-இல் ஆரம்பிப்பதால் அதை 2-க்கு முன்னால் வைத்துவிட்டது. சொல்ல மறந்துவிட்டேன். அப்படிப் போட்டால் பத்து ஒன்பதுக்கு அடுத்து வரும்.

பிரியாவுக்கு என் ஆசீர்வாதம். புடவை, பட்டம், மாலை எல்லாம் குறைவில்லாமல் செய்வேன். சிதம்பரம் மேலவீதியில் சொல்லி வைத்துவிட்டேன். அந்தோணிசாமி வண்டியில் அனுப்புகிறேன்.

வரச் சொல்லாதே அக்கா. அந்தச் சாலையில் என்னால் வர முடியாது. புதுச்சத்திரம் தாண்டி அந்த இடம் வரும். அன்றைக்கு உங்கள் ஊரில் கரண்ட் இல்லை, இங்கே வந்துவிட்டது என்று செல்வம் மண்டபத்து மெஷினை மூட்டை கட்டிக்கொண்டு வந்து, கடையில் உட்கார்ந்து அதைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான். சாப்பிட்டுவிட்டுப் போடா என்றேன். அம்மா தனியாக இருட்டில் இருக்கும் என்றான். புயலில் வேர் தூக்கிப்போய் சாய்ந்து நின்ற மரம் அவன் போகிற நேரம் பார்த்து விழ வேண்டுமா? மெஷின் மூட்டைக்கு ஒரு கீறல்கூட இல்லை.

பழையதைப் பற்றிக் கேட்காதே.

பழனிவேல்


கடலூர்
16.4.2012

அடேய் குள்ளா,

ரயில் இருக்கிறது.

சிதம்பரத்தில் ஏறினால் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கலாம். அகல ரயில் விட்டு வருஷம் இரண்டாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து மண்டபத்துக்கு நடந்தே வரலாம். ரயில் வருகிற வழியில் மரமே கிடையாது, வயலும் உப்பளமும்தான். நீ போனில் "ம்" கொட்டின நேரத்தில், அந்தச் சாலையில் வர முடியாது என்று ஒரு தடவை வாய் விட்டுச் சொல்லியிருந்தால், நான் அன்றைக்கே ரயில் இருக்கிறது என்று சொல்லியிருப்பேன். படித்தவர்களோடு இதுதான் தொல்லை. நெஞ்சுக்குள் வைத்துக்கொண்டு எதிராளி கண்டுபிடிக்க வேண்டும் என்று உட்கார்ந்திருப்பீர்கள்.

அந்த மரம் உன் மேல் மட்டும் விழுந்த மாதிரி எழுதுகிறாய். உன் மாமா அன்றைக்கிலிருந்து அந்தப் பக்கத்து நெல்லைக்கூட வாங்குவதில்லை. பிரியா பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால் கண்ணை மூடிக்கொள்கிறாள். அந்தோணிசாமி? வாராவாரம் அதே இடத்தைத் தாண்டித்தான் உனக்கு என் கடிதம் கொண்டுவருகிறார். என் பிள்ளையைத் தூக்கித் தன் வண்டியில் போட்டுக்கொண்டு ஓடினவர் அவர். அந்த இடம் வந்தால் ஒரு ஹாரன் அடித்துவிட்டுப் போகிறாராம். ஏன் என்று நான் கேட்கவில்லை. நீ வேண்டுமானால் கேள்.

சைபர் போடச் சொன்னாய், போட்டேன். ஓடுகிறது. ஆனால் கல்யாணம் என்றால் கடைசி நேரத்தில் ஒரு பெரியப்பா மெட்ராஸிலிருந்து வந்து இறங்குவார். அவரை நாலாவதாக நுழைக்க வேண்டும் என்றால் நாலிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எல்லார் எண்ணையும் மாற்ற வேண்டும். ஒரு கையில் சாவிக்கொத்து, ஒரு கையில் இந்தப் பீடை. செல்வத்தின் பைலில் அவர் பேரை நடுவில் எழுதி மேலே மூன்று கோடு, கீழே மூன்று கோடு போட்டால் தீர்ந்தது. எங்கே எழுதுகிறாயோ அதுதான்மா அவுங்க இடம் என்பான்.

முதலாளி ஸ்டுடியோக்காரனிடம் விலை கேட்டுவிட்டார். பிரியா கல்யாணம் வரைக்கும் பொறுங்கள் என்று சொல்லி நிறுத்தியிருக்கிறேன். என் பெண் கல்யாணத்துக்கு வாசலில் ஓடுவது என் பிள்ளை செய்ததாக இருக்க வேண்டும். அதில் தாய்மாமன் என்று உன் படம் வரும்போது நீ அங்கே நிற்க வேண்டும். வேறொன்றும் கேட்கவில்லை நான். இதற்கு மேல் எழுதவும் மாட்டேன்.

மங்கலம்


அண்ணாமலை நகர்
24.6.2012

அக்கா,

இரண்டு மாதம் பதில் போடவில்லை. அந்தோணிசாமி இப்போது கடைக்குள்ளேயே வந்து உட்காருகிறார்.

பழையதை ஏன் அனுப்பவில்லை என்று கேட்டாய். அதில் குறை ஒன்றும் இல்லை. என் கடைப் பிரதியில், எப்போது ஓட்டினாலும் முதலில் மாதிரிக் கல்யாணம் ஒன்று வரும்படி செல்வம் வைத்திருந்தான், சரியாக ஓடுகிறதா என்று பார்ப்பதற்காக. "மணமகன்: பழனிவேல். உயரம்: கேட்க வேண்டாம். மணமகள்: தேடிக்கொண்டிருக்கிறோம். தேடிக் களைத்தவர்கள் சாப்பிட வரவும்." நான் கடையில் தூங்கிக்கொண்டிருந்தபோது எடுத்த போட்டோவும் அதில் இருக்கிறது, வாய் திறந்தபடி. கருமாதி முடிந்த வாரம் அதைத் திறந்தேன். திறந்ததும் இதுதான் வந்தது. மூடிவிட்டேன். அதற்கு மேல் அவன் எழுதியதில் ஒரு வரியைத் தொட என்னால் ஆகவில்லை. அதனால்தான் புதிதாக ஒன்று எழுதினேன். மாணவர்கள், செமினார், வெட்டி ஒட்டுவது எல்லாம் உண்மைதான், ஆனால் காரணம் அது இல்லை.

போன வாரம் அந்தோணிசாமிக்கு டீ வாங்கிக் கொடுத்து, ஹாரனைப் பற்றிக் கேட்டேன். "சும்மா தாண்டிப் போனா கோச்சிக்குவான் சார். எங்க போனாலும் கூப்டுட்டுப் போன்னு சொல்ற பையனாச்சே" என்றார். சொல்லிவிட்டு டீயைக் குடித்தார்.

அவர் போனபிறகு பழையதைத் திறந்தேன். இந்தத் தடவை மூடவில்லை. நடுவில் கரண்ட் போனால் முதலிலிருந்து ஓடுகிறதே, அதை மட்டும் விட்ட இடத்திலிருந்து ஓடும்படி மாற்றினேன். மற்றதெல்லாம் அவன் வைத்தபடிதான் இருக்கிறது. ஒரே பைல், எழுதுகிற வரிசைதான். மாதிரிக் கல்யாணத்தை எடுத்துவிடலாமா என்று யோசித்தேன். எடுக்கவில்லை. நீ ஓட்டும்போது முதலில் அதுதான் வரும், பயப்படாதே. உன் பைலைத் திறந்ததும் அது போய்விடும்.

பென் டிரைவை இத்தோடு அனுப்புகிறேன். பட்டத்தையும் மாலையையும் அனுப்பவில்லை. அவற்றை என் கையில் எடுத்துக்கொண்டு வருகிறேன். முதல் நாளே, ரயிலில்.

குள்ளன்


கடலூர்
14.8.2012

அடேய் குள்ளா,

நீ வருகிறாய் என்றதும் உன் மாமா உனக்கு வேட்டி எடுத்துவிட்டார். நீளமாக எடுத்திருக்கிறார். மடித்துக் கட்டிக்கொள்.

பழையது ஓடுகிறது. நீ எழுதின மாதிரி முதலில் உன் கல்யாணம்தான் வந்தது. பிரியா படித்துக் காட்டினாள். உன் மாமா முதலில் சிரித்தார். அப்புறம் எழுந்து கைகழுவப் போனார், வெகுநேரம் கழுவினார். மறுநாள் ஒரு முகூர்த்தத்துக்கு ஓட்டினேன். நடுவில் ஒரு சித்தியைச் செருகினேன். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. முதலாளி நின்று பார்த்துவிட்டு, சரி ஓடட்டும் என்று போய்விட்டார். ஸ்டுடியோக்காரன் வரவில்லை.

இப்போது பிரியாவுக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன். காலையில் ஆரம்பித்தது, இன்னும் முடியவில்லை. முதலில் பிள்ளையார். அடுத்து தெய்வமான பெரியவர்கள், எங்கள் மாமனார், மாமியார், நம் அப்பா. அப்புறம் நல்வரவு. மணமக்கள். மணமகளின் பெற்றோர். அதற்கடுத்து தாய்மாமன் பழனிவேல், அண்ணாமலை நகர். தூங்குகிற போட்டோ போட மாட்டேன், நல்லதாக ஒன்று கொண்டு வா.

உன் பேருக்குக் கீழே மூன்று கோடு போட்டேன். அடுத்தது மணமகளின் அண்ணன்.

அண்ணன் முறைக்கு மேடையில் பொரி அள்ளிக் கொடுக்க என் கொழுந்தன் மகனைச் சொல்லியிருக்கிறது. அவன் நல்ல பிள்ளைதான். அவன் பேரை எழுதினேன், அழித்தேன். பிரியா வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, அண்ணன் பேரு இல்லாம எனக்குக் கல்யாணமா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். செல்வத்தின் பேரை மேலே, தெய்வமான பெரியவர்களோடு எழுதலாம் என்கிறார் உன் மாமா. எழுதிப் பார்த்தேன். என் மாமனாருக்குப் பக்கத்தில் இருபத்தைந்து வயசுப் பிள்ளை நிற்கிறான். பெற்றவள் நான் கீழே இருக்கிறேன், அவன் எனக்கு மேலே இருந்து ஆசீர்வாதம் பண்ணுகிறான். பார்க்க முடியவில்லை, எடுத்துவிட்டேன். கீழே, அண்ணன் என்று உனக்கு அடுத்து எழுதினேன். அது சரியாக இருந்தது. ரொம்பச் சரியாக இருந்தது. வாசலில் வருகிறவர்கள் அதைப் படித்துவிட்டு, பொரி கொடுக்கப் பையன் எங்கே என்று மேடையில் தேடுவார்கள் என்று நினைத்ததும் அதையும் எடுத்துவிட்டேன்.

உன் புதியதாக இருந்திருந்தால் அகரவரிசையில் அதுவே எங்கேயாவது வைத்திருக்கும். நான் இப்படி உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. இதில் எழுதுகிற இடம்தான் அவர்கள் இடம். அப்படித்தான் செய்துவைத்துவிட்டுப் போயிருக்கிறான். அவன் இடத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போகவில்லை.

மூன்று கோடு போட்டபடியே இருக்கிறது. கரண்ட் போய் வந்தால்கூட அதே இடத்தில்தான் நிற்கிறது, நீ செய்த வேலை. எல்லாம் படித்தவன் நீ, அவனோடு சேர்ந்து இதைச் செய்தவனும் நீ. சொல்லுடா குள்ளா, என் பிள்ளையை நான் எங்கே எழுதட்டும்?